உலகை விருந்தோம்பும் சிறு நகரம்

அனைத்துலக மாநாடு என்றதும் வானளாவிய விடுதிகளும், பல்லாயிரவர் அமரும் பேரரங்குகளும், தலைநகரின் ஆரவாரமுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும் அறிஞர் பெருமக்கள் கூடி ஆய்ந்த கூட்டங்கள் பல, பழம்பெரும் பல்கலைக்கழகங்களைத் தாங்கி நிற்கும் சிறு நகரங்களிலேயே நடைபெற்றுள்ளன. இன்றும் நடைபெற்று வருகின்றன. அத்தகைய நகரங்களுள் ஒன்று பெல்ஜியம் நாட்டின் லூவேன்.

தலைநகர் பிரசெல்ஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்நகரின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சமே. அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1425-ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அளித்த ஆணையால் தோன்றியது. பின்னாளில் திருத்தந்தையான ஆறாம் ஏட்ரியன் அங்கே பேராசிரியராக விளங்கியவர். புனித தாமஸ் மூரின் ‘உட்டோப்பியா’ 1516-இல் முதன்முதலாக அச்சேறியதும் இந்நகரிலேதான்.

நடந்தே கடக்கும் நகர்

இச்சிற்றூருக்கு உலகம் ஏன் வருகின்றது? முதற்காரணம் அதன் சிறுமையே. விமான நிலையத்திலிருந்து இரயிலில் கால்மணி நேரப் பயணம்; இரயிலடியிலிருந்து நகர மன்றம் வரை நேரான ஒரே வீதி. அரங்கு, உணவகம், தங்குமிடம், கோவில் அனைத்தும் நடை தூரத்தில் உள்ளன. பெருநகரில் கூட்டம் முடிந்ததும் வண்டியேறிப் பிரிந்து போகின்றவர்கள், இங்கே ஒரே தெருவில் சேர்ந்து நடக்கின்றனர். மேடையில் மறுத்துப் பேசியவரோடு வழியில் மனம்விட்டுப் பேச வாய்ப்புக் கிட்டுகின்றது. எம்மாவு செல்லும் சாலையிலும் உள்ளங்கள் திறந்தது நடக்கும்போதுதான் அன்றோ?

இரண்டாவது காரணம் கல்வியாண்டின் ஒழுங்கு. கோடை விடுமுறையில் பெரும்பாலான மாணவர் ஊர் திரும்புவர். விரிவுரைக் கூடங்களில் வகுப்பு இராது. மாணவர் இல்லங்களின் அறைகள் பல காலியாகும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான திங்கள்களில் அவ்விடங்கள் மாநாட்டினருக்குப் பயன்படுகின்றன. புதிய மாளிகை எழுப்பாமலே ஊர் விருந்தினரை ஏற்கின்றது.

நோயாளர் இல்லம் விருந்தகமாயிற்று

நகரின் தெற்கே பெரிய பெகீனகம் என்னும் பழங்குடியிருப்பு உள்ளது. பெகீன்கள் என்போர் நிரந்தர வார்த்தைப்பாடு கொடாமல், செபத்திலும் கைத்தொழிலிலும் கூடி வாழ்ந்த பெண்கள். 13-ஆம் நூற்றாண்டில் தோன்றிய அவ்விடம், காலப்போக்கில் பழுதுற்றது. 1962-இல் பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கிற்று. பேராசிரியர் ரெய்மோன் லெமேர் தலைமையில் செங்கல் வீடுகள் பழைய வடிவம் மாறாமல் செப்பனிடப்பட்டன. இன்று மாணவரும் பிறநாட்டு அறிஞரும் அங்கே தங்குகின்றனர். பெகீன்கள் தம் நோயாளரைப் பேணிய இல்லம், கூட்டங்களுக்கும் விருந்துக்கும் உரிய மனையாக மாறியது. 1998-இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்குடியிருப்பை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

இவ்வாறே, தாயகத்தில் கல்வி மறுக்கப்பட்ட ஐரிஷ் பிரான்சிஸ்கன் துறவியர் 1607-இல் நிறுவிய புனித அந்தோணியார் கல்லூரியும் இன்று கருத்தரங்குகள் நடைபெறும் இடமாக விளங்குகின்றது. அடைக்கலம் தேடி வந்தோர் கட்டிய வீடு, அடுத்து வருவோருக்கு அடைக்கலமாயிற்று.

எரிந்த நூலகம்

ஆனால் இந்நகர் அந்நியரால் அடைந்த துன்பமும் கொஞ்சமன்று. முதல் உலகப்போரில், 1914 ஆகஸ்ட் 25 அன்று இரவு, ஜெர்மன் படையினர் நகருக்குத் தீ வைத்தனர். இருநூறுக்கு மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். பல்கலைக்கழக நூலகமும், அதிலிருந்த விலைமதிப்பற்ற கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. போருக்குப்பின், பெரும்பாலும் அமெரிக்க மக்களின் நன்கொடையால் புதிய நூலகம் எழுந்து 1928-இல் திறக்கப்பட்டது. உதவிய கல்விக்கூடங்களின் பெயர்களை அதன் கற்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. 1940 மே திங்களில் அந்நூலகமும் தீக்கிரையாயிற்று. இலட்சக்கணக்கான நூல்கள் அழிந்தன. மீண்டும் கட்டினார்கள்.

இத்தகைய ஊர், கதவுகளை அடைத்துக்கொண்டு வாழ்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க இயலாது. ஆனால் அது கதவுகளைத் திறந்தது. 1949-இல் லூவேன் விவிலியக் கருத்தரங்கு தொடங்கிற்று. அன்றுமுதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் விவிலிய வல்லுநர் அங்கே கூடுகின்றனர். கத்தோலிக்கரும் பிற சபையினரும், நேற்றுவரை பகைநாட்டினராய் இருந்தவரும், ஒரே இறைவார்த்தையை நடுவில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் உரையாடினர்.

வீட்டுக்குள் எழுந்த பிணக்கு

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகையே வரவேற்ற அந்நகரில், உடன்பிறந்தாரிடையே ஒற்றுமை இல்லை. லூவேன், டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்திலோ பிரெஞ்சு மொழி நெடுங்காலம் மேலோங்கி நின்றது. தம் மண்ணில் தம் மொழி தாழ்வுற்றதே என்று ஃபிளாண்டர்ஸ் மக்கள் மனம் குமுறினர். தலைமுறைகளாய் வாழ்ந்த கல்விக்கூடத்தை விட்டு நாங்கள் ஏன் போகவேண்டும் என்று பிரெஞ்சு மொழியினர் வருந்தினர். இரு சாராரும் கத்தோலிக்கரே. 1966-இல் ஆயர்கள் பல்கலைக்கழகத்தின் ஒருமையை வற்புறுத்தி வெளியிட்ட அறிக்கையும் பூசலைத் தணிக்கவில்லை, மேலும் வளர்த்தது. 1968-இல் இச்சிக்கலால் நாட்டின் அரசே கவிழ்ந்தது. முடிவில் பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பிரிவுக்கென லூவேன்-லா-நேவ் என்னும் புதிய நகரமே கட்டப்பட்டது. இரு போர்களுக்குப் பின்னும் பாடுபட்டுச் சேர்த்த நூல்களின் பெரும்பகுதி, ஒற்றைப்படை எண் ஒருபுறம், இரட்டைப்படை எண் மறுபுறம் என்று பங்கிடப்பட்டது. பாகப்பிரிவினையால் பாத்திரம் பண்டமும் பிரிந்த குடும்பங்களை நாம் கண்டதில்லையா?

அதே ஆண்டுகளில் மாநாடுகள் ஓயவில்லை. 1971-இல் கிறிஸ்தவ சபைகளின் உலக மன்றத்தைச் சார்ந்த ‘விசுவாசமும் ஒழுங்கும்’ ஆணையம் லூவேனில் கூடியது. மூன்றாண்டுகளுக்கு முன்பே கத்தோலிக்க இறையியலாரும் அதில் உறுப்பினராகி இருந்தனர். 1974-இல் சமயங்களின் அமைதிக்கான உலக மாநாட்டின் இரண்டாம் பேரவையும் அங்கேயே நடந்தது. அவ்வமைப்பின் தலைவராய் அப்போது விளங்கியவர் டில்லிப் பேராயர் ஆஞ்சலோ பெர்னாண்டஸ் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். பல சமயத்தார் அமைதியை நாடி ஒன்றுகூடிய நகரிலே, ஒரே திருவிருந்தில் பங்குகொள்ளும் இரு சாரார் பிரிந்துகொண்டிருந்தனர்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. பிரிந்த இரு பல்கலைக்கழகங்களும் நாளடைவில் நல்லுறவு கொண்டன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் இவ்விரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் சந்தித்தார். 2025-இல் வந்த அறுநூறாம் ஆண்டு நிறைவு இரண்டுக்கும் பொதுவான விழாவாயிற்று.

நமக்கு ஒரு பாடம்

மாநாட்டு நகருக்கு வேறு சுமைகளும் உண்டு. வருவோர் பெருகப் பெருக வீட்டு வாடகை ஏறுகின்றது; எளிய குடும்பங்கள் ஊர்ப்புறம் நோக்கி நகர நேரிடுகின்றது. கட்டணமும் பயணச் செலவும் நுழைவு அனுமதியும் ஏழை நாட்டு அறிஞர் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. ஆகவே விருந்தின் சிறப்பை வந்தவர் தொகையைக் கொண்டு மட்டும் அளந்துவிடலாகாது. யாருக்கு அழைப்புச் சென்றது, யார் வர இயலாது போயிற்று என்பதையும் கேட்க வேண்டும்.

நம் பங்குகளிலும் மறைமாவட்ட மாநாடுகளும் இளைஞர் பேரணிகளும் நடைபெறுகின்றன. அப்போது நம் இல்லத்தரசிகள் முகம் தெரியாத விருந்தினருக்கும் பாய் விரித்துச் சோறிடுகின்றனர். ஆபிரகாமின் கூடாரத்தில் தொடங்கிய அறம் அது, வாழ்க! ஆனால் மூன்று நாள் விருந்தினரைப் பேணுவது எளிது. அடுத்த வீட்டில் ஆண்டெல்லாம் வாழ்கின்ற வேற்று மொழியினரோடும், வேற்றுச் சாதியினரோடும், சொத்துத் தகராற்றால் பேச்சு நின்றுபோன உடன்பிறந்தாரோடும் ஒன்றுபட்டு வாழ்வதே அரிது. லூவேன் நகர் முன்னதை விரைவில் கற்றது. பின்னதைக் கற்க அதற்குப் பல்லாண்டுகள் ஆயின. அடுத்த முறை பங்குக்கு விருந்தினர் வருமுன், நம் தெருவில் நாம் இன்னும் வாசல் மிதிக்காத வீடு எதுவென எண்ணிப் பார்த்து, அங்கே முதலில் செல்வோமாக.