சித்தம்பூண்டிப் பாறையும் நிலவு மண்ணும்

சித்தம்பூண்டிப் பாறை என்பது நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் வெளிர்நிற அனார்த்தோசைட்டுப் பாறை ஆகும். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2, சந்திரயான்-3 திட்டங்களின் சோதனைகளுக்கான மாதிரி நிலவு மண் இதிலிருந்து தயாரிக்கப்பட்டது.

அப்பல்லோ தந்த அறிவு

1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கிய இடம் கரிய பசால்ட்டுப் பாறைச் சமவெளி. ஆயினும் அங்கிருந்து வந்த மண்ணில் வெண்ணிறத் துணுக்குகளும் கலந்திருந்தன. அவை மேட்டுநிலங்களிலிருந்து சிதறி வந்த அனார்த்தோசைட்டு என அறிவியலாளர்கள் கண்டனர். தொடக்கத்தில் நிலவின் மேற்பகுதி உருகிய பாறைக் கடலாக இருந்தது. கனமான கனிமங்கள் அமிழ, இலேசானவை மிதந்து மேலோடாக உறைந்தன என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ பாறையும் மண்ணும் கொண்டுவந்தன.

மாதிரி மண்

தரையிறங்கு கலத்தின் கால்கள் மண்ணில் எவ்வளவு புதையும், ஊர்தியின் சக்கரம் வழுக்குமா என்பவற்றை முன்பே சோதிக்க வேண்டும். அதற்குப் பல டன் மண் தேவை. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு மிகும். எனவே நாமக்கல் பாறை உடைத்து அரைக்கப்பட்டு, துகள்கள் நிலவு மண்ணின் அளவுகளுக்கேற்பக் கலக்கப்பட்டன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இப்பணியில் உதவியது. 2012 முதல் சுமார் 50 டன் அனுப்பப்பட்டது. தயாரிப்பு முறைக்கு இஸ்ரோ 2020இல் காப்புரிமை பெற்றது.

2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் கலம் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. பிரக்யான் ஊர்தி ஆராய்ந்த மண்ணும் பெரும்பாலும் அனார்த்தோசைட்டு வகையே என்ற முடிவு 2024இல் வெளியானது.

வருங்காலக் கொள்கை

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் நிலவை உரிமை கொண்டாட முடியாது. அங்கிருந்து எடுக்கும் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. இந்திய விண்வெளிக் கொள்கை 2023, பன்னாட்டுக் கடமைகளுக்கு உட்பட்டு எடுக்கும் விண்வெளி வளத்தைத் தனியார் நிறுவனங்கள் உடைமையாக்கவும் விற்கவும் இடமளிக்கிறது. அதே ஆண்டு ஜூனில் இந்தியா ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது.

நிலவு மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு சுமார் 2,104 கோடி ரூபாய். அப்பல்லோ மாதிரிகள் பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் இரவலாக வழங்கப்பட்டு, முடிவுகள் வெளியிடப்பட்டன. அந்தப் பகிர்வு இல்லையேல் நாமக்கல் பாறைக்கும் நிலவுக்கும் உள்ள ஒற்றுமையை இங்குள்ளோர் அறிந்திருப்பது கடினம். இனிவரும் மாதிரிகள் விற்பனைப் பொருளாகுமா, பொது அறிவாகுமா என்பதை வருங்காலக் கொள்கைகளே முடிவு செய்யும்.