பால் ஆடு வாங்கும் முன்



ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் வீட்டுப் பக்கத்தில் நாலு ஆடு வளர்க்கும் பழக்கம் நம் மக்களை விட்டுப் போகவில்லை. இறைச்சிக்காக ஆடு வளர்த்துப் பழகியவர்கள் பாலுக்காக வளர்க்கப் புகும்போது, சிலவற்றைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இனம். இந்நாட்டுக் காச்சாங் ஆடு சிறியது. இந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகியது. ஆனால் அதன் பால் குட்டிக்கே சரியாகப் போய்விடும். நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்கும் உடைய ஜம்னாபாரி, வட இந்தியாவில் யமுனைக் கரையில் தோன்றிய பால் இனம். சுவிட்சர்லாந்து நாட்டுச் சானென் ஆடு மிகுதியாகக் கறக்கும். ஆனால் நம் புழுக்கம் அதற்கு ஒத்துவராது. தொடக்கத்தில் இரண்டு பெட்டை ஆடுகள் போதும். ஒற்றை ஆடு தனிமையில் ஏங்கும்.

ஆடு வருமுன் கொட்டகை வேண்டும். கம்பத்து வீடுபோலத் தரையிலிருந்து நான்கைந்து அடி உயர்த்தி, மரச்சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டு அடியுங்கள். புழுக்கை கீழே விழுந்துவிடும். ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும். நம் மழைநாட்டில் ஆட்டைக் கொல்லும் பெரும் எதிரி குடற்புழு. அதன் இளம்புழு ஈரப் புல்லில் ஏறி நிற்கும். ஆகவே பனி காய்ந்த பின்னரே மேய்ச்சலுக்கு விடுங்கள். களைக்கொல்லி தெளித்த செம்பனை வரிசைப் பக்கம் விடவே கூடாது. நேப்பியர் புல்லை வெட்டிப் போடலாம். மரவள்ளி இலையை நன்றாக வாடவைத்தே கொடுங்கள். பச்சையில் நஞ்சு உண்டு.

குட்டி ஈன்றால்தான் பால். பருவத்துக்கு வந்த ஆடு ஓயாமல் கத்தும், வாலை ஆட்டும், தீனியைக் குறைக்கும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். சினைப்படாவிட்டால் ஏறக்குறைய 21 நாளில் திரும்பவும் வரும். சினைக்காலம் 150 நாள். கிடாயிடம் விட்ட தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கறவை ஆடு சினையானால், ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்திவிடுங்கள். பிறந்த குட்டி முதல் மணி நேரத்திலேயே சீம்பால் குடிக்க வேண்டும். கிடாய்க் குட்டிகளை மூன்று மாதத்தில் பிரித்துவிடுங்கள். தகப்பன் கிடாயை அதன் மகளோடு சேர்க்காதீர்கள். இரண்டு ஆட்டுக்காகச் சொந்தக் கிடாய் வைக்க வேண்டியதில்லை. அதன் வாடை பாலிலும் ஏறும்.

இனி, மிக முக்கியமான செய்தி. ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால்தான் மருந்து என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. 2011-ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப்பாலால் 70-க்கும் மேற்பட்டோரைப் புரூசெல்லா நோய் பிடித்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் வாட்டக்கூடிய நோய் அது. நோயுள்ள ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். குட்டி கலைவதே பெரும்பாலும் முதல் அடையாளம். கலைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அருகே போகவே வேண்டாம்.

இதற்கு வழி எளிது. பால் பொங்கும்வரை காய்ச்சுங்கள். ஆட்டுக்கு விலை பேசுமுன், கால்நடை இலாகாவின் மாவட்ட அலுவலகத்தை அணுகி இரத்தப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். இரவல் கிடாய்க்கும் இது பொருந்தும். கால்நடை நோய்களை ஆராயும் அரசாங்கக் கழகம் 1948 முதல் நம் ஈப்போவிலேயே இயங்கி வருகிறது.

ஆகவே நேயர்களே, கொட்டகை முதலில், இரத்தப் பரிசோதனை அடுத்து, ஆடு அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.