நாலு மணிக்கு முன்னாடியே வீட்டைக் குளிர வைங்க

2022 செப்டம்பர் 6 அன்று சான் ஹோசேயில் 109 டிகிரி ஃபாரன்ஹீட். மாலை ஆறு மணிக்குச் சற்றுமுன் கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கான போன்கள் அலறின: மின்சாரத்தைக் குறையுங்க! சில நிமிஷத்திலேயே தேவை ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. சுழற்சி மின்வெட்டுக்கு உத்தரவு போடாமலே மாநிலம் சமாளித்தது.

ஏன் மாலையில்? சோலார் உற்பத்தி சரியும் நேரம். பகல் முழுக்கக் காய்ந்த சுவரோ அப்பத்தான் சூட்டை உள்ளே விடும்.

அதனால வெயில் நாளில் நான் மதியமே திரைகளை மூடி, ஏசியை 72-ல் வைத்து வீட்டைக் குளிர வைத்துவிடுவேன். நாலு மணிக்கு 78. ஒன்பது மணி வரை அவன், வாஷர், கார் சார்ஜிங் கிடையாது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்காங்களா? மிச்சம் பிடிக்கிறேன்னு ஏசியை அணைச்சிடுவாங்க. விடாதீங்க. வீட்டுக்குள்ளே 90-ஐத் தாண்டினா ஃபேன் மட்டும் காப்பாத்தாது.