போட்டியும் கணிப்பின் தரமும்: பஞ்சாங்கம் முதல் பங்குச் சந்தை வரை

யாழ்ப்பாணத்தில் இரு பஞ்சாங்கங்கள் வழக்கிலுள்ளன. ஒன்று நல்லூரை அடுத்த கொக்குவிலில் அச்சாகும் வாக்கிய பஞ்சாங்கம்; மற்றையது திருக்கணித பஞ்சாங்கம். நல்லூரில் ஒரு வீட்டார் முன்னதையும் அயல்வீட்டார் பின்னதையும் கைக்கொள்வது புதுமையன்று. கணிப்பை விற்போரிடையே போட்டி நிலவினால் கணிப்பு திருந்துமா என ஆராய்வதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கில்லை.

சனி கும்பராசி புகும் நாளாகத் திருக்கணித முறை 2023 ஜனவரி 17ஐயும் வாக்கிய முறை அதே ஆண்டு டிசம்பர் 20ஐயும் காட்டின. பதினொரு மாத வேறுபாடு! எனினும் இரண்டும் நிலைத்தன. பெயர்ச்சியைக் கண்ணாற் கண்டு தீர்ப்போர் இலர். கிரகணம் அவ்வாறன்று, நேரம் தவறின் ஊரே காணும். ஆதலால் வாக்கிய முறையினரும் கிரகணத்துக்குத் திருக்கணிதத்தை நாடுவதுண்டு.

பங்குச் சந்தைக் கணிப்பாளர் கூறும் இலாபமும் கிரகணத்தைப் போன்றதே. கம்பனி கணக்கை வெளியிடும் நாளில் பிழை அம்பலமாகும். இங்கே போட்டி மெய்யாகவே பயன் தந்துள்ளது. ஹாரிசன் ஹொங், மார்சின் கஸ்பெர்ச்சிக் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தரகு நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்த சந்தர்ப்பங்களை எடுத்துக்கொண்டது. இணைப்பினால் ஒரு கம்பனியைக் கணிப்போர் தொகை குறைகின்றது. அக்குறைவு கம்பனியின் நிலையால் விளைந்ததன்று. அதன்பின் எஞ்சியோரின் கணிப்புகள் முன்னரிலும் மிகை நம்பிக்கை கொண்டனவாயின. கணிப்போர் ஏற்கெனவே சிலராயிருந்த கம்பனிகளில் இம்மாற்றம் கூடுதலாயிற்று. காரணம் வெளிப்படை. நிருவாகத்தை மகிழ்விக்கும் கணிப்பாளருக்கு வாடிக்கை கிட்டும். பலர் இருப்பின் ஒருவராவது உண்மையை உரைத்துவிடுவார். ஏனையோரும் அடக்கி வாசிக்க நேரும். கொழும்பு போன்ற சிறு சந்தையிற் சேமிப்பை இடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

போட்டி எதன்பொருட்டு என்பதும் முதன்மையானது. முதலீட்டாளரின் நம்பிக்கைக்கன்றி, பங்கு வெளியிடும் கம்பனிகளின் வாடிக்கைக்காகப் போட்டியிட்டுக் கணிப்பைத் திரித்தமை தொடர்பிலேயே, 2003 இல் அமெரிக்காவிற் பத்துப் பெரும் நிறுவனங்கள் ஏறத்தாழ 140 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன.

பஞ்சாங்க மரபிலும் விலை கூறும் பகுதியொன்றுண்டு. ஒவ்வோராண்டுக்கும் ஓர் அர்க்காதிபதி, அதாவது விலைகளின் தலைவன், வகுக்கப்படுகின்றான். சித்திரையில் அவன் பலனை ஆவலோடு படித்த எவரும் அடுத்த பங்குனியில் அதனைத் திருநெல்வேலிச் சந்தை விலையோடு ஒப்பிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. இருபது ஆண்டுப் பஞ்சாங்கங்களைத் திரட்டி இவ்வொப்பீட்டைச் செய்ய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் சிலர் முன்வருவாராயின், சந்தை அவர்களுக்கு நடைதூரத்திலேயே உள்ளது.