பழைய வேன் புகை டெஸ்ட்டில் ஃபெயிலா? கன்வெர்ட்டரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

எஃப்.சி. தேதி நெருங்குகிறது. 'செக் இன்ஜின்' விளக்கு அணைய மறுக்கிறது. எமிஷன் சென்டரில் கொடுத்த சீட்டில் 'ஃபெயில்' என்று வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

மே மாதம் வந்தாலே வேன் ஓட்டிப் பிழைப்பவர்களுக்குப் பரீட்சைக் காலம்தான். பள்ளிகள் திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். வாடகை வண்டி என்றால் முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன்பின் ஆண்டுதோறும். காலடிப்பேட்டை, தேரடி, தண்டையார்பேட்டை என்று சந்து சந்தாகக் குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆம்னியும் ஈகோவும் இதற்குத் தப்ப முடியாது. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்த ஆம்னியின் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. ஆக, இன்று ஓடும் ஒவ்வோர் ஆம்னியும் பழைய வண்டிதான்.

இப்படிப்பட்ட வண்டி புகை டெஸ்ட்டில் ஃபெயிலானால் இரண்டு யோசனைகள் உடனே வரும். ஒன்று, "கன்வெர்ட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்." பல ஆயிரம் ரூபாய் செலவு. இன்னொன்று, "உள்ளே இருக்கிற தேன்கூட்டை இடிச்சு எடுத்துட்டா பிக்கப் நல்லா இருக்கும்." செலவு குறைவு, ஆனால் ஆபத்து. இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கன்வெர்ட்டர் தானாகக் கெடுவதில்லை. வேறெங்கோ இருக்கும் சின்னக் கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதிதாகப் போட்டால், புதியதும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைப் பாழாக்கும் என்பதால், ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போதே பங்க்குகளுக்கு வந்தது.

கன்வெர்ட்டர் என்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் கேடு குறைந்த வாயுக்களாக மாற்றுவது இதன் வேலை. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அது சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடேற வேண்டும். இரண்டு, இன்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று. இந்த விகிதத்தைக் காப்பாற்ற சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஓயாமல் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஃபெயிலான சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

எமிஷன் சென்டரில் தரும் சீட்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. பெட்ரோல் வண்டியின் சீட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கார்பன் மோனாக்சைடு சதவிகிதம், ஹைட்ரோகார்பன் பி.பி.எம். பி.எஸ்.2, பி.எஸ்.3 வண்டிகளுக்கு வரம்பு 0.5 சதவிகிதமும் 750 பி.பி.எம்.மும். பி.எஸ்.4 வண்டிக்கு 0.3 சதவிகிதமும் 200 பி.பி.எம்.மும். அதற்கும் முந்தைய கார்பரேட்டர் காலத்து வண்டிகளுக்கு 3 சதவிகிதம், 1,500 பி.பி.எம். வரை சலுகை உண்டு.

* கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம்: பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. அடைத்த ஏர் ஃபில்டர், சோர்ந்த ஆக்சிஜன் சென்சார், கார்பரேட்டர் செட்டிங் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.
* ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம்: பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழைய பிளக் ஒயர், எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் காற்று, வால்வுக் கோளாறு என்று போகும் பட்டியல்.
* இரண்டுமே அதிகம்: மேலே சொன்ன இரண்டும் சேர்ந்திருக்கலாம். கன்வெர்ட்டர் ஓய்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயம். வீட்டு வாசலிலிருந்து நேராக டெஸ்ட்டுக்குப் போனால் கன்வெர்ட்டர் சூடேறியிருக்காது. நல்ல வண்டிகூட ஃபெயிலாகும். 15, 20 நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் டெஸ்ட்டுக்கு நிறுத்துங்கள்.

கடலோர வண்டிக்கு வரும் மூன்று நோய்கள்

முதலாவது, உப்புக் காற்று. காலடிப்பேட்டையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கரையோரம் நிற்கும் வண்டிக்கு முதலில் அரிப்பது சைலன்சர் குழாயும் அதன் ஜாயின்ட்டும்தான். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஊசித்துளை விழுந்தாலும் போதும். வெளிக்காற்று உள்ளே இழுபடும். "அடடா, காற்று அதிகமாக இருக்கிறதே!" என்று சென்சார் ஏமாந்து போகும். அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். விளைவு, மைலேஜ் குறையும், கார்பன் மோனாக்சைடு ஏறும், கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு வெல்டிங்கில் முடிய வேண்டிய வேலை, கன்வெர்ட்டர் விலையில் வந்து நிற்கும்.

இரண்டாவது, குட்டிப் பயணம். டி.எச். ரோடு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, பத்து நிமிடத்தில் பள்ளியில் நிறுத்திவிடும் வண்டி முழுதாகச் சூடேறுவதே இல்லை. பிளக்கில் கரி படியும். வாரம் ஒருமுறையாவது காலியான சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் இது ஓரளவு குறையும்.

மூன்றாவது, வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். கொதிக்கும் கன்வெர்ட்டர் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடலாம். சென்சார் ஒயரின் கனெக்டரில் தண்ணீர் புகுந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். வண்டி ஆறியிருக்கும்போது கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தால் தேன்கூடு உடைந்திருக்கிறது.

விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

மெக்கானிக்கிடம் போகும்போது இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில வேலைகள் சில நூறு ரூபாயில் முடியக்கூடியவை.

1. ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பெட்ரோல் கலந்த பழைய ஆயிலும் டெஸ்ட் அளவை ஏற்றிவிடும்.

2. ஸ்பார்க் பிளக். ஆம்னியில் மூன்று, ஈகோவில் நான்கு. கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் கறுப்பாகக் கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம். ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் மிஸ்ஸிங். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிகிறது.

3. வேக்குவம் ஓஸ்கள். பழைய ரப்பர் வெடித்து விரிசல் விட்டிருக்கும். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது 'உஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அதற்கென்று தயாரிக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை அடிக்கடி பார்ப்பது நல்லது.

4. கரி டப்பாவின் பர்ஜ் வால்வு. பெட்ரோல் டேங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா ஒன்று உண்டு. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், ஸ்லோவில் தேவையில்லாத பெட்ரோல் ஆவி உள்ளே போகும். அந்த ஓஸைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கும்போது கார்பன் மோனாக்சைடு அளவு இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

5. சைலன்சர் கசிவு. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலும், ஜாயின்ட்டில் கரித்தடம் இருந்தாலும் கசிவுதான்.

6. ஆக்சிஜன் சென்சார். மேலே சொன்ன ஐந்தும் சரியாக இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள்.

7. கன்வெர்ட்டர். கடைசியாக.

ஸ்கேனர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

பி.எஸ்.4 வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோடு வரும். 'பி0171' என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. 'பி0172' அதற்கு நேர் எதிர். 'பி0300' தொடங்கி வருபவை மிஸ்ஸிங். 'பி0420' வந்தால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் சந்தேகப்படுகிறது. சந்தேகம்தான், முடிவான தீர்ப்பு இல்லை. பின்பக்க சென்சார் பழுதானாலும், அதன் அருகே குழாய் கசிந்தாலும் இதே கோடு வரலாம்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. முன், பின் என இரண்டு சென்சார்கள் இருக்கும் வண்டியில், இன்ஜின் சூடான பிறகு இரண்டின் கோட்டுப் படத்தையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். முன் சென்சார் மேலும் கீழுமாகத் துள்ள, பின் சென்சார் ஏறக்குறைய நேர்கோடாக இருந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் துள்ளினால்தான் அதற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சுத் திணறினால் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும். ஆனால் கோளாறு அங்கேயேதான் இருக்கும். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். 'செக் இன்ஜின்' விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காதீர்கள். மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். ஓரங்கட்டி நிறுத்துவதே நல்லது.

கேஸ் வண்டி, டீசல் வண்டி

எல்.பி.ஜி.யிலும் பெட்ரோலிலும் ஓடும் வண்டி என்றால் வேலை சுலபம். இரண்டிலும் தனித்தனியாக டெஸ்ட் செய்யுங்கள். கேஸில் மட்டும் ஃபெயில் என்றால் ரெகுலேட்டர், மிக்ஸர் செட்டிங்கைப் பாருங்கள். இரண்டிலும் ஃபெயில் என்றால் பிளக், காற்றுக் கசிவு, கன்வெர்ட்டர்.

டீசல் வேனில் அளப்பது புகையின் அடர்த்தியை. கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ், இன்ஜெக்டர் மூன்றையும் பாருங்கள். புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் கரும்புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். அதைத் தகடு வைத்து அடைக்க வேண்டாம்.

குழந்தைகள் "தலை வலிக்குது" என்றால்...

இந்தக் கட்டுரையில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆம்னி போன்ற வேன்களில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே கேஸ்கட் கசிந்தால், புகை முதலில் வருவது உட்கார்ந்திருப்பவர்களின் மூக்குக்குத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வேனில் ஏறிய குழந்தைகள் ஒருவருக்கு மேல் சொன்னால், வெயில் என்றோ காலையில் சாப்பிடவில்லை என்றோ விட்டுவிடாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து, வண்டியை நிறுத்தி, எல்லோரையும் கீழே இறக்குங்கள். கிறுகிறுப்பு தீரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். கசிவைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்ற வேண்டாம். பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டுவதும் ஆபத்து. ஓடும் வேனின் பின்னால் உருவாகும் குறைந்த காற்றழுத்தம், சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும். பின்கதவின் ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். தேன்கூட்டை இடித்து எடுத்த வண்டியில் கசிந்தால் வருவது வடிகட்டாத விஷம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு எமிஷன் சர்டிஃபிகேட் ஓராண்டு செல்லும்; அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறைகூட உண்டு. கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருக்கும் உலோகங்களுக்காக அதற்கும் விலை உண்டு. புதுப்பேட்டையில் பழையது வாங்குவதென்றால், டார்ச் அடித்து உள்ளே தேன்கூடு முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைப் புகையை நம்மால் தனியாக நிறுத்த முடியாது. ஆனால், நம் தெருவுக்குள் வந்து நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் புகை நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை மெக்கானிக் "கன்வெர்ட்டர் போச்சு" என்று சொன்னால், "எதனால போச்சு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.