தோற்ற அணி மீண்டும் ஓடும். நம்பிக்கை இழந்த அணி ஓடாது

2010 டிசம்பர் 1ஆம் தேதி. சுசூகி கிண்ணக் காற்பந்துப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மலேசியா ஜகார்த்தாவில் இந்தோனேசியாவைச் சந்தித்தது. முதல் கோலை அடித்தது நாம்தான். ஆனால், ஆட்டம் முடிந்தபோது 1-5 எனத் தோற்றிருந்தோம். தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபாலின் கதை அன்றோடு முடிந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், மறுத்துப் பேசுவது கடினமாக இருந்திருக்கும்.

சரியாக 25 நாள் கழித்து, டிசம்பர் 26ஆம் தேதி, புக்கிட் ஜாலில் அரங்கத்தில் அதே இந்தோனேசியாவை அதே ராஜகோபாலின் அணி 3-0 என வென்றது. 29ஆம் தேதி ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது இறுதி ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கு 4-2. கிண்ணம் நமக்கு. டிசம்பர் 31ஆம் தேதியை அரசாங்கம் பொது விடுமுறையாகவே அறிவித்தது.

நான் அப்போது பாலர் பள்ளிக்குப் போகும் வயது. அந்த ஆட்டங்களையெல்லாம் பின்னாளில் காணொளியில்தான் பார்த்தேன். இப்போது அவற்றை மீண்டும் தேடிப் பார்க்க வைத்தது எங்கள் லிங்கி. கடந்த செமஸ்டர் விடுமுறையில் எங்கள் வட்டாரத்து இளைஞர் காற்பந்துக் குழு ஒன்று கலையும் நிலைக்கு வந்துவிட்டது. தொடர்ந்து தோற்றது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், பையன்களுக்குப் பயிற்றுநர்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. தோல்வியும் நம்பிக்கை இழப்பும் ஒன்றல்ல என்பதை அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

ஐந்து ஆட்டம், ஒரே ஒரு கோல்

ராஜகோபால் பொறுப்பேற்ற சூழ்நிலையே நல்ல சூழ்நிலை அல்ல. அவருக்கு முன் தேசிய அணியைப் பயிற்றுவித்தவர் பி. சத்தியநாதன். 2009 ஜனவரியில் சொந்த மண்ணில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் மலேசியா 0-5 எனத் தோற்ற பிறகு அவர் பதவி பறிபோனது. அடுத்து வந்த ராஜகோபால் இளம் ஆட்டக்காரர்களை நம்பினார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அந்த இளையோர் வியட்நாமை 1-0 என வீழ்த்தித் தங்கம் வென்றார்கள். காற்பந்தில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது.

மறு ஆண்டு ஜகார்த்தாவில் 1-5 எனத் தோற்றவர்களில் பலர் அவரோடு தங்கம் வென்ற பையன்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். தாய்லாந்துடன் 0-0. லாவோஸுடன் 5-1. அரையிறுதியில் வியட்நாமுடன் 2-0, பிறகு 0-0. இறுதியின் முதல் ஆட்டத்தில் 3-0. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அணி, அடுத்த ஐந்து ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல்!

சாஃபி சாலி ஐந்து கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் ஆனதைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தத் தற்காப்புதான். கோல் போட ஒருவர் திறமை போதும். கோல் வாங்காமல் இருக்க, பந்து தன் காலில் இல்லாத நேரத்திலும் பத்துப் பேர் ஓடவேண்டும். பயிற்றுநர் சொல்வதில் நம்பிக்கை இல்லாதவன் அந்த ஓட்டத்தை ஓடமாட்டான். எஸ். குணாளன் போன்ற நம் பிள்ளைகளும் இருந்த அந்த அணி ஓடியது. முந்தைய ஆண்டு உண்டியலில் போட்டு வைத்த நம்பிக்கை, கெட்ட நேரத்தில் செலவுக்கு உதவியது.

உண்டியல் எப்போதும் நிறைந்தே இருக்காது. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5 எனத் தோற்று, திரும்ப நடந்த ஆட்டத்தில் 1-1 எனச் சமநிலை கண்டு வெளியேறினோம். 2012 சுசூகி கிண்ணத்தை புக்கிட் ஜாலிலில் அதே சிங்கப்பூரிடம் 0-3 எனத் தோற்றுத் தொடங்கினோம். அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றோம். 2013உடன் ராஜகோபாலின் காலமும் முடிந்தது.

பெரிய பெயரும் காப்பாற்றாது

அடுத்து 2014இல் வந்தவர் டோல்லா சாலே. ஆட்டக்காரராக நாடறிந்தவர். பயிற்றுநராக 2013இல் பகாங்கிற்கு மலேசியக் கிண்ணம் வென்று தந்தவர். ஆனால், 2015 ஜூனில் திமோர் லெஸ்தேவுடன் 1-1, ஐந்தே நாளில் பாலஸ்தீனத்திடம் 0-6. செப்டம்பர் 3ஆம் தேதி அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-10. அதன் பிறகு அவர் பதவி விலகினார். காற்பந்து தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அறிவு வேறு, அணியைப் பிடித்து நிறுத்துவது வேறு.

அதே 2015இல் இங்கிலாந்திலும் ஒரு கதை நடந்தது. மே மாதம் செல்சி அணியை லீக் வெற்றியாளர் ஆக்கிய ஜோசே மொரின்யோ, டிசம்பர் 17ஆம் தேதி வேலை இழந்தார். 16 ஆட்டங்களில் 9 தோல்வி; பட்டியலில் 16ஆவது இடம். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, காயமடைந்த ஆட்டக்காரரைக் கவனிக்கத் திடலுக்குள் ஓடிய அணி மருத்துவரை அவர் எல்லார் முன்னிலையிலும் சாடினார். கடைசித் தோல்விக்குப் பிறகு, தன் உழைப்புக்கு ஆட்டக்காரர்கள் துரோகம் செய்துவிட்டதாக உணர்வதாகச் செய்தியாளர்களிடமே சொன்னார். உள்ளே பேசவேண்டியதை வெளியே பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

இன்னும் மோசமானது 2010 உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்கு நேர்ந்தது. பயிற்றுநர் ரேமோன் டொமெனெக்கைத் திட்டியதற்காக நிக்கோலா அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதை எதிர்த்து ஜூன் 20ஆம் தேதி ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்ய மறுத்துப் பேருந்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் எழுதிய மறுப்பு அறிக்கையைச் செய்தியாளர்களுக்கு வாசித்துக் காட்டியவர் யார் தெரியுமா? டொமெனெக்கே! நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் தலைமையில் இறுதியாட்டம் வரை போன அணி, ஒரே புள்ளியுடன் குழுவில் கடைசி இடம் பிடித்து ஊர் திரும்பியது.

மாற்றினால் சரியாகிவிடுமா?

பயிற்றுநரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் சான்று உண்டு. லெஸ்டர் சிட்டியை 2016இல் யாரும் எதிர்பாராத லீக் வெற்றியாளராக்கிய கிளாவ்டியோ ரனியேரி, ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரி 23ஆம் தேதி நீக்கப்பட்டார். நான்கே நாளில் அதே ஆட்டக்காரர்கள் லிவர்பூலை 3-1 என வென்றார்கள்.

ஆனால், ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்றுநர் மாற்றங்களை ஆராய்ந்தார். பயிற்றுநரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிவில் இருந்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டு வகை அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. தொடர் தோல்வி என்பது பாதி நேரம் கெட்ட காலம். அது தானாகவும் போகும்.

செல்சிக்கும் லெஸ்டருக்கும் ஒருவர் போனால் மறுவாரம் இன்னொருவர் வருவார். லிங்கியில் யார் வருவார்?

லிங்கித் திடலில் நடந்தது

லிங்கி போர்ட்டிக்சன் மாவட்டத்தில், மலாக்கா எல்லை ஓரம் இருக்கும் சிற்றூர். சுற்றிலும் தோட்டங்கள். பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டது. தோட்ட வேலையை விட்டுக் குடும்பங்கள் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் பெயர்ந்துவிட்டன. மாலையில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு.

நான் சொல்லும் குழுவின் பயிற்றுநர் ஐம்பதைத் தாண்டியவர். பகலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. பந்துக்கும் தண்ணீருக்கும் அவர் காசுதான் போகிறது. இளமையில் தோட்டக் குழுவில் ஓரத்தில் ஓடி ஆடியவர். நீளமாக அடி, விரட்டி ஓடு என்பது அவர் பாணி. கைப்பேசியில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்குப் பந்தைக் குட்டையாகக் கடத்தி ஆட ஆசை. வெற்றி வரும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறுத்தவில்லை.

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றார்கள். ஐந்தாவதில், 16 வயது கோல்காவலனைப் பார்வையாளர்கள் முன்னால் கண்டபடி திட்டி, பாதியிலேயே வெளியே உட்கார வைத்தார் பயிற்றுநர். பையனின் அம்மாவும் அங்கே நின்றிருந்தார்.

அடுத்த பயிற்சிக்கு வழக்கமாக வரும் 17 பேரில் 11 பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்து 6 பேர். நடுத்திடலில் ஆடும் என் தம்பியும் போகவில்லை. “கோச் மெசேஜ் போட்டா யாரும் பதில் போடுறதில்லக்கா” என்றான். பயிற்றுநர் இல்லாத இன்னொரு வாட்ஸ்அப் குழுவைப் பையன்கள் திறந்திருந்தார்கள். அவர் செய்யும் தப்புகளெல்லாம் அங்கே விலாவாரியாகப் பேசப்பட்டன, அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரிடமும்.

குழுத்தலைவன் படிவம் 6 மாணவன். அவன்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினான். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பயிற்றுநர் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடைக்குப் போனான். “கோச், கோவிச்சுக்காதீங்க” என்று தொடங்கி மூன்று விஷயம் சொன்னான். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். யாரையாவது உட்கார வைத்தால் ஏன் என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் பந்தைக் கடத்தும் பயிற்சி கொடுங்கள். தங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொன்னான்: வரமுடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுவோம், நேரத்துக்கு வருவோம்.

பயிற்றுநர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, “பரீட்சைக்குப் படிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன். இத ஏன்டா மொதல்லயே சொல்லல?” என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பயிற்றுநர், ஆட்டக்காரர் உறவை ஆராய்ந்த இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சோஃபியா ஜோவெட் அதற்கு மூன்று தூண் உண்டு என்கிறார்: நெருக்கம், பற்றுறுதி, ஒத்துழைப்பு. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கிறார். அந்த உறவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இருவரும் ஒரே மாதிரி புரிந்துவைத்திருக்கிறார்களா என்பது. லிங்கியில் உடைந்தது இந்த நான்காவது. பையன்களுக்கு நம்பிக்கை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பயிற்றுநருக்கு அது தெரியவே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் வென்றார்களா? இல்லை, 1-2 எனத் தோற்றார்கள். ஆனால், அதற்கடுத்த பயிற்சிக்கு 14 பேர் வந்தார்கள். கோல்காவலனும் வந்தான்.

இரண்டு பக்கமும் செய்யக்கூடியவை

பள்ளிக் குழுவிலோ பல்கலைக்கழக மன்றத்திலோ இருக்கும் நண்பர்களே, இது காற்பந்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. பட்டிமன்றக் குழு, நடனக் குழு, சீருடை இயக்கம் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. முதலில் குறைந்து போவது வருகைதான். யாரும் சண்டை போடுவதில்லை, வராமல் இருந்துவிடுகிறோம். அது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் எதிரே இருப்பவருக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கொடுக்காத தண்டனை அது.

பேசுவதற்கும் முறை உண்டு. கூட்டமாகப் போகாமல் இரண்டு மூன்று பேர் போகவேண்டும். தோற்ற அன்றே போகக்கூடாது. “உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்வதைவிட, என்ன மாறவேண்டும் என்று சொல்லவேண்டும். நாம் என்ன தருவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பேசிய பிறகும் அவமானப்படுத்துவது தொடர்ந்தாலோ, கை நீட்டினாலோ அது வேறு விஷயம். அங்கே பொறுத்துப் போகத் தேவையில்லை. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லியே ஆகவேண்டும்.

பயிற்றுநர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் கற்ற ஆட்டத்தை மட்டும் வைத்து இன்றைய பிள்ளைகளை இழுத்துப் போக முடியாது. மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் ‘டி’ உரிமப் பயிற்சி அடிமட்டப் பயிற்றுநர்களுக்காகவே இருக்கிறது. சம்பளமில்லாமல் உழைக்கும் ஒருவர் அந்தக் கட்டணத்தையும் தானே கட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஊர்ப் பெரியவர்களும், ஆலய நிர்வாகங்களும், முன்னாள் ஆட்டக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒருவரை அனுப்பிவிடலாம். கிண்ணத்துக்கும் ஜெர்சிக்கும் செலவழிக்கிற ஊர், அதில் கொஞ்சத்தைப் பயிற்றுநர் படிப்பதற்கும் செலவழிக்கலாம்.

பெரிய மன்றங்களில் நம்பிக்கை போனால் பயிற்றுநர் போவார், மன்றம் இருக்கும். தோட்டப்புறத்தில் பயிற்றுநர் போனால் குழுவே போய்விடும். பிறகு அந்த மாலை நேரங்களை வேறு எது எடுத்துக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாததல்ல. ஆகவே, அடுத்த பயிற்சிக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, நின்றுவிடுவதற்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பேசிப் பாருங்கள்.