அட்டை யார் கையில்?

மேற்கு நைஜீரியாவில் யொரூபா மக்கள் வாழும் இலேஷா என்னும் ஊரில், மெதடிஸ்ட் மிஷன் நடத்திவந்த வெஸ்லி கில்ட் ஆஸ்பத்திரிக்கு, டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய சிசு வைத்தியர் 1956-ஆம் ஆண்டு போய்ச் சேர்ந்தபோது அவருக்காகக் காத்திருந்த வேலை, இங்கிலாந்தில் அவர் கற்றுத் தேர்ந்த வைத்தியத்தால் மட்டும் தீரக்கூடியதாக இல்லை. தட்டம்மை, கக்குவான், மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கொண்டுபோன வியாதிகள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ பராமரிப்போ உண்டு. ஆனால் குணமாகி வீடு திரும்பிய குழந்தை சில வாரங்களிலேயே வேறொரு வியாதியோடு, முன்னிலும் மெலிந்து, அதே திண்ணைக்கு வந்து சேர்வதைத் தடுக்க மருந்துப் பெட்டியில் ஒன்றும் இருக்கவில்லை.

இலேஷாவுக்கு அப்பால் இமெஸி-இலே என்றொரு கிராமம். அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்து ஐந்து வயது வரை தொடர்ந்து கவனித்து, உரிய இடைவெளிகளில் எடை பார்த்துக் குறித்து வைக்கும் நெடிய ஆராய்ச்சி ஒன்றை மார்லி மேற்கொண்டார். தாய்ப்பாலில் முதல் ஆறு மாதம் செழிப்பாக வளர்கிற குழந்தை, அதன் பிறகு 'ஓகி' என்னும் கஞ்சிக்கு மாறுகிறது. மக்காச்சோளத்தை ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைத்து அரித்தெடுத்த மாவில் காய்ச்சுவது அது. அரிக்கும்போதே தானியத்தின் புரதத்தில் ஒரு பங்கு சல்லடையில் தங்கிவிடுகிறது, மிஞ்சிய மாவில் காய்ச்சிய கஞ்சியோ தண்ணீராய் ஓடுகிறது. வயிறு நிறைகிறது, எடை ஏறுவதில்லை. கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, தோல் உரிந்து, யார் பார்த்தாலும் 'இது நோய்' என்று சொல்லும் நிலைமை வருவதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே அந்த எடை நின்றுபோயிருக்கும். கோல்ட் கோஸ்ட் என்று அந்நாளில் வழங்கிய இன்றைய கானாவில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் க்வாஷியோர்கர் என்னும் இந்த வீக்கநோயை 1933-ஆம் ஆண்டிலேயே வைத்திய உலகிற்கு விவரித்து எழுதியிருந்தார். அடுத்த குழந்தை வந்து முந்தியதன் பால் நின்றுபோகும்போது வருவது இது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள் அவ்வூர்ப் பெண்களே. ஆகவே காரணம் தெரியாத ரகசியமல்ல. நோய் முகங்காட்டுவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொள்ள வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

மார்லி கண்ட விடை ஓர் அட்டை. 'ஆரோக்கியப் பாதை' என்று பெயர் பெற்ற அந்த அட்டையைச் சற்றே நிதானமாகப் பார்ப்பது நலம். ஏனெனில் எளிமையாகத் தோன்றும் அதன் அமைப்பில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது. கீழே ஐந்து ஆண்டுகளுக்கும் மாதத்திற்கொன்றாகக் கட்டங்கள். குழந்தை பிறந்த மாதத்தின் பெயரை ஒவ்வோர் ஆண்டின் முதற் கட்டத்திலும் எழுதி, மற்ற மாதங்களை வரிசையாக நிரப்பிவிட்டால் போதும். அதற்குப் பிறகு வயதைக் கணக்கிடும் தொல்லையே கிடையாது, எடை பார்க்கும் மாதத்தின் கட்டத்திற்கு மேலே புள்ளி வைக்க வேண்டியதுதான். ஆரம்பப் பள்ளிப் படிப்போடு பயிற்சிக்கு வந்த உதவிப் பெண்களுக்கு மாதங்களைக் கூட்டிக் கழிக்கும் இந்த இடத்திலேதான் பிழை நேரும் என்பதை அனுபவத்தில் கண்டறிந்தவர் போட்ட திட்டம் அது. அட்டையின் குறுக்கே மேல்நோக்கி வளைந்து செல்லும் இரண்டு கோடுகள் நல்ல வளர்ச்சியின் வழியைக் காட்டும். புள்ளிகளை இணைக்கும் கோடு அவற்றின் திசையிலேயே ஏறினால் கவலையில்லை. படுத்துவிட்டால், குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், ஏதோ கோளாறு. புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம் என்று மார்லி வற்புறுத்தி வந்தார். தட்டம்மை வந்தது, பால் மறந்தது, தாய் மறுபடி கருவுற்றது ஆகிய செய்திகளையும் கோட்டின் அருகிலேயே எழுதிவைத்தால், படுத்த இடத்தில் காரணமும் கூடவே நிற்கும்.

இவற்றையெல்லாம்விடத் துணிச்சலான காரியம், அந்த அட்டையை ஆஸ்பத்திரி அலமாரியில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தாயின் கையில் கொடுத்து அனுப்பியதாகும். 'எழுத்தறியாத பெண்கள், தொலைத்துவிடுவார்கள்' என்று கற்றவர்கள் ஆட்சேபித்தது இயல்பே. நடந்ததோ நேர்மாறு: ஆஸ்பத்திரிக் கட்டுகளில் காணாமற்போன காகிதங்களைவிட வீட்டில் காணாமற்போன அட்டைகள் குறைவாக இருந்தன. அலமாரியின் ஒழுங்கில் நாம் வைத்திருக்கும் விசுவாசத்திற்கு ஆதாரம் அதிகமில்லை என்பதை, எந்த அரசாங்க ஆபீஸிலாவது பழைய தஸ்தாவேஜு ஒன்றைத் தேடி அலைந்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

1961-இல் இங்கிலாந்து திரும்பிய மார்லி, பின்னர் லண்டன் சிசு ஆரோக்கியக் கழகத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்து படித்த மாணவர்கள், வகுப்பில் அவர் திரையிட்டுக் காட்டிய ஸ்லைடுகளின் பிரதிகளைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக விரும்பிக் கேட்டார்கள். அந்த வேண்டுகோளிலிருந்து 1965-இல் முளைத்ததே 'டால்க்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட குறைந்தவிலைப் போதனைச் சாதன நிலையம். ஸ்லைடுகள், எடையட்டைகள், கம்பளித் துணியில் ஒட்டிக் காட்டும் படங்கள், மலிவு விலைப் புத்தகங்கள், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குச் சர்க்கரையும் உப்பும் அளந்து கரைக்க ஒரு முனை பெரிதும் மறுமுனை சிறிதுமாய் அமைந்த பிளாஸ்டிக் கரண்டி இவற்றையெல்லாம், தபாற்செலவையே பெரும் செலவாகக் கருத வேண்டியிருந்த மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் அது அனுப்பிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தனியே பணியாற்றும் ஒரு நர்ஸுக்கு வந்துசேரும் அந்தப் பார்சல், பெனிசிலின் புட்டியைப் போலவே ஒரு மருந்து என்று சொல்வது மிகையாகாது.

இதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நூல்கள் பிறந்தன. கம்பாலா நகரத்து மக்கெரெரே கல்லூரியைச் சூழ்ந்த வைத்தியர்களின் அனுபவத்தைத் திரட்டி மாரிஸ் கிங் பதிப்பித்த, வளரும் நாடுகளின் வைத்தியப் பராமரிப்பைப் பற்றிய பெருநூல் 1966-இல் நைரோபியில் வெளியாயிற்று. வறுமையின் வைத்தியத்திற்கு அரிச்சுவடி என்று அதன் உபதலைப்பே சொன்னது. மக்காச்சோளமும் மரவள்ளியும் சிறுதானியமும் விளையும் ஆப்பிரிக்கப் பிரதேசங்களையே மனத்தில் கொண்டு, அவரும் மார்லியும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய போஷாக்கு நூல் 1972-இல் வந்தது. பிரதேசத்தின் பயிரைப் பார்த்துப் பாடத்தை வகுத்த அந்த விவேகம், பாலும் முட்டையும் ஆரஞ்சுச் சாறும் வரைந்த மேல்நாட்டுச் சுவரொட்டிகளை அப்படியே ஒட்டிவைத்த அதிகாரிகளுக்கு இருந்ததில்லை. டேவிட் வெர்னர் மெக்ஸிகோ மலைக் கிராமங்களுக்காக ஸ்பானிய மொழியில் எழுதிய 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்ற நூலும் 1977-இல் ஆங்கில உருவம் பெற்று, பிற்பாடு ஆப்பிரிக்காவுக்கெனத் திருத்திய பதிப்பாகவும் ஸ்வாஹிலி மொழியிலும் வந்தது. லாபம் கருதாமல் எவரும் அதைப் பிரதியெடுக்கலாம், தத்தம் ஊருக்கேற்ப மாற்றியும் எழுதிக்கொள்ளலாம் என்று பதிப்பாளரே அனுமதித்திருந்தது, நூலின் உள்ளடக்கத்திற்கு இணையான தர்மம் எனலாம்.

ஆனால் புத்தகம் படிக்காத தாய்க்கு என்ன செய்வது? கம்பாலாவின் முலாகோ ஆஸ்பத்திரியில் 1965-இல் ஏற்பட்ட 'ம்வானமுகிமு' என்னும் போஷாக்கு நிலையம், வகுப்பறையையே சமையற்கட்டாக்கிவிட்டது. மெலிந்த குழந்தையோடு தாயும் அங்கேயே தங்குவாள். அவள் ஊரில் கிடைக்கும் வாழைக்காய், அவரை, நிலக்கடலை, கீரை, சிறுமீன் இவற்றையே எடுத்து, 'கிடொபேரோ' என்னும் கலவை உணவைப் பக்குவம் செய்யக் கற்றுக்கொள்வாள். வாழையிலையில் மடித்துக் கட்டிய அந்தப் பொட்டலம், குடும்பத்திற்கென்று அவிகிற மத்தோகே வாழைக்காயோடு அதே பானையிலேயே வெந்துவிடும். குழந்தைக்கென்று தனி அடுப்பு வேண்டாம், தனி விறகும் வேண்டாம். பிறகு நாள்தோறும் தன் கையாலேயே ஊட்டி, வீக்கம் வடிந்து, அழுகை குறைந்து, குழந்தை எழுந்து உட்காருவதைத் தாயே பார்க்கிறாள். ஊசியால் பிழைத்தது என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கும், உணவால் பிழைத்தது என்பதைக் கண்ணாரக் கண்டு திரும்பும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் சுவரொட்டியாலும் உண்டாக்க முடியாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் போதனா முறைகளுள் நாம் முதலிடம் கொடுப்பது இதற்கே.

எடையட்டை உலகெங்கும் பரவியது. பரவிய இடமெல்லாம் பயன் தந்தது என்று சொல்வதற்கில்லை. நம் நாட்டிலும் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இத்தகைய வளர்ச்சி அட்டைகள் இடம்பெற்றன. 1980-இல் தொடங்கிய தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டமோ மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்ப்பதையே அச்சாணியாகக் கொண்டது. ஆப்பிரிக்காவிலாயினும் சரி, இங்காயினும் சரி, குறை ஒரே இடத்தில்தான் நேர்ந்தது. வரிசையில் நூறு பெண்கள் நிற்க, பணியாளர் எடை போட்டு, புள்ளி வைத்து, பதிவேட்டில் எழுதி, 'அடுத்தது' என்று கூப்பிடும்போது, கோடு படுத்திருக்கிறதே என்று தாயிடம் பேச நேரம் எங்கே? மேலதிகாரி கேட்பது எத்தனை குழந்தைக்கு எடை பார்த்தாய் என்பதே தவிர, எத்தனை தாய்மாரிடம் பேசினாய் என்பதல்ல. போதனைச் சாதனமாகப் பிறந்த அட்டை புள்ளிவிவரச் சாதனமாகிவிட்டது.

இதை மார்லியும் உணர்ந்திருந்தார் போலும். பிற்காலத்தில் அவர் அமைத்த நேர்க்குறிப்புத் தராசு அதற்குச் சான்று. கூரையிலோ மரக்கிளையிலோ தொங்கவிட்ட நீண்ட சுருள்வில். அதன் பின்னால் அட்டையைச் செருகிவைக்க ஓரிடம். குழந்தையைத் தொட்டிலில் உட்காரவைத்ததும் வில் நீளும், அட்டையிலுள்ள கிலோக் கோடுகளின் இடைவெளிக்கு ஒத்த அளவிலேயே நீளும். வில்லோடு நகரும் துவாரத்தில் பென்சிலை நுழைத்துப் புள்ளி வைக்க வேண்டியது தாய். எண்ணைப் படிக்க வேண்டாம், எழுத வேண்டாம். தன் குழந்தையின் பாரத்தால் வில் இழுபடுவதையும், அந்த இழுப்பே கோட்டின் உயரமாவதையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஊழியர்களின் கல்வியும் இதற்கிடையில் வேறு வழிகளில் வளர்ந்தது. மைக்கேல் வுட் முதலிய சர்ஜன்கள் 1957-இல் நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய 'அம்ரெஃப்' நிறுவனம், பறக்கும் டாக்டர்கள் என்ற பெயரால் புகழடைந்தாலும், விமானத்தைவிட அதிகம் பயன்பட்டது அது நடத்திய வானொலித் தொடர்பும், கிராம ஊழியர்களுக்கென வெளியிட்ட கைந்நூல்களும், தபால்வழிப் பாடங்களும் என்றே தோன்றுகிறது. இந்த நூற்றாண்டில் கென்ய நர்ஸுகள் வேலையை விடாமலே கம்ப்யூட்டர் வழியாகப் படித்து மேல்நிலைத் தகுதி பெறவும் அதே நிறுவனம் வழிசெய்தது. டால்க் நிலையமும் ஸ்லைடுகளை விட்டுக் குறுந்தகடுகளை அனுப்பலாயிற்று.

கருவிகளோ மேன்மேலும் எளிமையடைந்தன. பியாஃப்ரா யுத்தத்தின்போது குவேக்கர் தொண்டர்கள் நைஜீரியாவில் கைச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட்டுப் பட்டினியை மதிப்பிட்டார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை ஆரோக்கியமான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை என்பதைப் பயன்படுத்தி, பாக்தாத் வைத்தியர் ஷாகிரும் மார்லியும் 1974-இல் வண்ணம் தீட்டிய நாடாவையே போதுமானதாக்கினார்கள்; பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி வெட்டியும் அதைச் செய்துகொள்ளலாம். இன்று வழக்கிலுள்ள நாடாவில் 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 125 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை.

இந்த நாடாவையும் வெகுகாலம் ஊழியர்களே வைத்திருந்தார்கள். நைஜர் தேசத்தின் ஸிண்டர் பிரதேசத்தில், 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில், தாய்மாருக்கே அதைக் கொடுத்துச் சிறு பயிற்சியும் அளித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற கிராம ஊழியர்களுக்கு அவர்கள் சளைக்கவில்லை. தாய்மார் அளந்த ஊர்களின் குழந்தைகள் நோய் முற்றுமுன்பே சிகிச்சைக்கு வந்தன, ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தவையும் குறைவு, செலவும் குறைவு. இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் இம்முறை கையாளப்படுகிறது. எனினும் சிவப்பைக் கண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து ஆரோக்கிய நிலையத்திற்கு வரும் தாய்க்கு, நிலக்கடலையும் பால்பொடியும் எண்ணெயும் சர்க்கரையும் கலந்த, 500 கலோரி தரும் சிகிச்சை உணவுப் பொட்டலம் அலமாரியில் இருந்தாக வேண்டும். அதன் வரத்து அடிக்கடி தடைப்படுகிறது. தடைப்பட்ட நாளில் அவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டியது என்ன என்பதையும் ஊழியர் பயிற்சியில் ஒரு பாடமாக வைத்தே தீர வேண்டியிருக்கிறது.